மைக் அக்கா பேசிக்கொண்டே இருந்த காலை

அந்தப் புறநகர்க் கடற்கரைக்கு வந்துபோகிறவர்கள் மைக் அக்காவிடம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொல்வார்கள். "கொடுத்து வச்சவங்க நீங்க. தினமும் இதப் பாத்துக்கிட்டே வேலை செய்யலாம்." அவளும் "ஆமாங்க" என்று சிரித்து வைப்பாள். மறுத்துச் சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. பிறை மாதிரி வளைந்த மணல், அதை ஒட்டி நடக்கிறவர்களுக்கு ஒரு பாதை, சைக்கிள்காரர்களுக்கு ஒரு பாதை, கைப்பந்து வலைகள், பலகையும் துடுப்பும் வாடகைக்குக் கொடுக்கிற கொட்டகை, ஐஸ்கிரீம் வண்டிகள், கடலைப் பார்த்தபடி பால்கனி வைத்த வீடுகள். வடக்கு ஓரத்தில் கறுத்த பாறைமுனை ஒன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் ஊருக்குத் திரும்புவதில்லை.

அக்காவின் வேலையிடம் மணலுக்கு மேலே தூண்களில் நின்ற ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, பஞ்சுத் தொப்பி போட்ட மைக், உயிர்காப்பாளர்களோடு பேசுகிற வாக்கிடாக்கி. இன்றைக்குக் கடல் எப்படி, எந்த இடத்தில் இறங்கலாம், எங்கே இறங்கக்கூடாது என்று அவள் சொல்வது கடற்கரை முழுக்க நட்டிருந்த கம்பங்களின் ஒலிபெருக்கிகளில் கேட்கும். அதைவிட முக்கியமான வேலை, காணாமல் போகிற குழந்தைகள். யாராவது அழுதுகொண்டு நிற்கிற பிள்ளையைக் கூட்டிவந்து விடுவார்கள். சட்டை நிறம், வயசு, பெயர் சொல்லத் தெரிந்தால் பெயர், எல்லாம் கேட்டு மைக்கில் சொல்வாள். கொஞ்ச நேரத்தில் அம்மாவோ அப்பாவோ மூச்சிரைக்கப் படியேறி வருவார்கள். "இப்பதான் பக்கத்துல இருந்தான்" என்பார்கள். எல்லாரும் அதையேதான் சொல்வார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அக்காவுக்குள் ஏதோ ஒன்று இறுகிப் போயிருந்தது. பக்கத்தில் இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் நடுவில் எவ்வளவு குறைந்த இடம் இருக்கிறது என்பது அந்த அறையில் உட்கார்ந்திருந்தால்தான் தெரியும்.

அவள் அந்த ஊர்க்காரி இல்லை. கடலே கண்ணில் படாத ஒரு ஊரில், ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்தவள். அந்த வேலையில் ஒரு நிம்மதி இருந்தது. ரயில் தாமதம் என்றால் தாமதம் என்று சொல்லிவிட்டால் போதும், மூழ்கிப்போக அங்கே யாரும் இல்லை. அவள் கணவரின் அண்ணன் இந்தக் கடற்கரைப் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவர் பிள்ளைகளோடு வெளிநாட்டுக்குப் போனபோது கடை தம்பி கைக்கு வந்தது. அப்படித்தான் குடும்பம் இங்கே வந்து சேர்ந்தது. வந்த புதிதில் கணவர் கடற்கரையில் நின்று, "காத்த பாரு, காசு குடுத்தாலும் கிடைக்காது" என்றார். அவள் எதிரே தெரிந்த தண்ணீரைப் பார்த்தாள். ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

அந்தக் காற்றுதான் அவர்கள் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டின் கேட் கீல்களைத் தின்றது. துவைத்த துண்டு எப்போதும் லேசாக ஈரமாகவே இருந்தது. எவ்வளவு பெருக்கினாலும் படுக்கையில் மணல் நறநறத்தது. சமையலறை ஜன்னலில், எதிர் கட்டிடங்கள் இரண்டுக்கும் நடுவே, ஒரு கீற்று கடல் தெரியும். காலையில் காபிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு அவள் முதலில் அந்தக் கீற்றைத்தான் பார்ப்பாள். வெள்ளை நுரை அதிகமாகத் தெரிந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இத்தனை வருஷத்தில் கணுக்காலுக்கு மேல் அவள் கடலில் நனைந்ததில்லை.

இதெல்லாம் தெரிந்தும் கணவர் நீந்தப் போனார்.

ஊரில் அவரைக் கண்ணாடிக்காரர் என்பார்கள். கடைக்காக மட்டும் வந்த பெயர் இல்லை, அவர் போட்டிருந்த கண்ணாடியே சோடா பாட்டில் அடி மாதிரி தடியாக இருக்கும். அதைக் கழற்றினால் நீட்டிய கையின் விரல்கள்கூட அவருக்குக் கலங்கலாகத்தான் தெரியும். சர்க்கரை ஏறியிருக்கிறது, உடம்பு அசைய வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், கடலை வைத்துக்கொண்டு எதற்கு வேறு இடம் தேடுவது என்று இறங்கிவிட்டார். முதலில் முழங்கால் அளவு, பிறகு இடுப்பளவு. அப்புறம் பல் டாக்டர் ஒருவர் தலைமையில் தினமும் காலையில் மஞ்சள் மிதவை வரைக்கும் போய்த் திரும்புகிற ஒரு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். ஆளே மாறிப்போனார். வயிறு உள்ளே போனது. படியேறும்போது விசிலடித்தார். கடையில் யாராவது கண்ணைக் காட்ட வந்தால், கண்ணைப் பற்றிப் பேசுவதைவிட அலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

"கண்ணாடி இல்லாம உங்களுக்குக் கரை எங்க தெரியுது?" என்று அவள் கேட்பாள்.

"கரை என்ன கடுகா, தெரியாமப் போக? அவ்வளவு பெருசா இருக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் மூணுல ஒரு பக்கம் கரைதான்."

"மத்த ரெண்டு பக்கம்?"

"அதுக்குத்தான் பல் டாக்டர் இருக்காரே. முன்னாடி போறவரோட சிவப்புத் தொப்பி தெரியும். அது பின்னாடியே வந்துடுவேன்."

தண்ணீரில் இறங்கும் முன் படியேறி வந்து கண்ணாடியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார். அவள் அதைத் துடைத்து மைக் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். அவர் திரும்பி வந்து அதை எடுத்து மாட்டிக்கொள்ளும் வரைக்கும் யார் என்ன கேட்டாலும் அவள் பதில் பாதியில்தான் நிற்கும். மகள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள். அந்த நேரம் பார்த்து அவள் போன் செய்தால், "அப்பா வந்ததும் கூப்பிடறேன்" என்று அக்கா வைத்துவிடுவாள். "அம்மா, அவர் என்ன போருக்கா போயிருக்காரு?" என்று மகள் சிரிப்பாள்.

அது ஒரு விடுமுறை நாள். காலையிலேயே வெயில் நன்றாக ஏறியிருந்தது. கடல் தட்டில் ஊற்றிவைத்த மாதிரி அசையாமல் கிடந்தது. அப்படிக் கிடந்தால் எல்லோருக்கும் சந்தோஷம், அவளுக்கு மட்டும் சந்தேகம். வீட்டுப் படியில் இறங்கும்போதே, "இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி. ஒருநாள் போகாட்டி என்ன குறைஞ்சு போயிடும்?" என்று கேட்டாள்.

"கூட்டத்துக்கும் எனக்கும் என்ன? நான் மிதவைப் பக்கம் போறேன்."

"நான் சொல்லி நீங்க என்னிக்குக் கேட்டிருக்கீங்க."

"நீ சொல்றதக் கேட்டா நான் வாளித் தண்ணியிலகூட குளிக்க முடியாது."

கீழ்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து பார்த்தாள். அதனால் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கடற்கரை அறையில் கண்ணாடியை வாங்கிக்கொண்டபோது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "போங்க. போய் நிம்மதியா நீந்துங்க" என்றாள். அவள் அதை எப்படிச் சொன்னாள் என்பது அவருக்கும் புரிந்தது. படியிறங்கிப் போனார்.

அவர்கள் மிதவையை நெருங்கியிருப்பார்கள். அடிவானத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. அவள் முதலில் அதைத் தூரத்துக் கப்பலின் புகை என்று நினைத்தாள். கோடு தடித்தது. தண்ணீர்மேல் யாரோ ஒரு சுவரைத் தள்ளிக்கொண்டு வருவது போல வந்தது. உயிர்காப்பாளர்களின் தலைவனை எல்லோரும் நெட்டையன் என்பார்கள். கரையில் எங்கே நின்றாலும் அவன் தலை மட்டும் தனியாகத் தெரியும். அவன் குரல் வாக்கிடாக்கியில் வந்தது.

"அக்கா, மூடுபனி. எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க. இப்பவே."

அவள் சொன்னாள். பயிற்சி பெற்ற குரல், நடுங்கவில்லை. விசில்கள் ஊதின. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் கரையேறினார்கள். சிலர் பனி வருவதைப் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு படம் எடுக்கவும் ஒன்றும் இல்லாமல் போனது. பாறைமுனை மறைந்தது, கைப்பந்து வலை மறைந்தது, கண்ணாடிக்கு வெளியே பால் கலந்த மாதிரி வெறும் வெள்ளை. கீழே பேச்சுக்குரல்கள் மட்டும் கேட்டன. ஆட்களைக் காணோம்.

காலை நேர நீச்சல்காரர்கள் ஒவ்வொருவராகப் படியடியில் வந்து சேர்ந்தார்கள். அவள் வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் பல் டாக்டர் வந்தார். குளிரில் அவர் தாடையே கிடுகிடுத்துக்கொண்டிருந்தது.

"எங்க அவரு?"

டாக்டர் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. "எனக்கு முன்னாடியே திரும்பிட்டாரே. கால் இழுக்குதுன்னு சொன்னாரு. நீங்க மெதுவா வாங்கன்னு சொல்லிட்டு…" என்றவர் நிறுத்தினார். பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னார். "இப்பதான் பக்கத்துல இருந்தாரு."

அக்கா உள்ளே போனாள். மேசைமேல் கண்ணாடி இருந்தது. நெட்டையனுக்குத் தகவல் சொன்னாள். அவன் ரப்பர் படகை எடுத்துக்கொண்டு இறங்கினான். என்ஜின் சத்தம் கொஞ்ச தூரம் போனது, பிறகு நின்றுவிட்டது. அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். பிறகுதான் புரிந்தது, காது கொடுத்துக் கேட்பதற்காக அவனே நிறுத்தியிருக்கிறான்.

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மைக்கைத் திறந்தாள்.

"பொதுமக்கள் கவனத்திற்கு. நீந்தச் சென்ற ஒருவரைக் காணவில்லை. நடுத்தர வயது ஆண். நீல நிறத் தொப்பி. கறுப்பு நிற நீச்சலுடை. அவரைப் பார்த்தவர்கள் உடனே…"

எத்தனை பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியிருப்பாள். அடையாளம் என்று ஏதாவது சேர்த்துச் சொல்ல வேண்டும். அவருடைய அடையாளம் எதுவென்று யோசித்தாள். முகத்தில் எப்போதும் இருக்கிற அந்தத் தடிக் கண்ணாடிதான், அதுவோ இங்கே மேசைமேல் கிடந்தது. அது இல்லாமல் அவர் முகம் அவளுக்கே சட்டென்று ஞாபகத்துக்கு வரவில்லை. மூக்கின் இரண்டு பக்கமும் இருந்த பள்ளங்கள் மட்டும் ஞாபகம் வந்தன. அதை மைக்கில் எப்படிச் சொல்வது? "உடனே தெரிவிக்கவும்" என்று முடித்தாள்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "அக்கா, நிறுத்தாதீங்க. பேசிக்கிட்டே இருங்க. இங்க எது கரை எது கடல்னு எனக்கே தெரியல. உங்க குரல் வச்சுத்தான் திசை புடிக்கறேன்."

"சைரன் போடட்டுமா?"

"வேணாம். சைரன் போட்டா யாராவது கத்தினா எனக்குக் கேக்காது. நீங்க பேசுங்க. நடுநடுவுல கொஞ்சம் நிறுத்துங்க. நான் காது குடுக்கறேன்."

அவளுடைய வேலைக்கு ஒரு விதி இருந்தது. அறிவிப்பு சுருக்கமாக இருக்க வேண்டும், சொந்தப் பேச்சு கூடாது. அவள் அதே அறிவிப்பைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லி நிறுத்தினாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை. மறுபடி சொன்னாள். நீல நிறத் தொப்பி, நீல நிறத் தொப்பி என்று சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைக்கே அர்த்தம் கழன்று போனது. தொண்டை வறண்டது. ஒரு நிறுத்தத்துக்குப் பிறகு, என்ன சொல்வது என்று தெரியாமல், "கேக்குதா?" என்று கேட்டாள்.

கடற்கரை முழுக்க, கம்பத்துக்குக் கம்பம், அந்தக் கேள்வி போனது.

"கேக்குதாங்க? நான்தான். இந்தப் பக்கம் வாங்க. என் சத்தம் எந்தப் பக்கம் கேக்குதோ அந்தப் பக்கம் வாங்க. கால் இழுத்தா அப்படியே மல்லாந்து மிதங்க. நீங்கதானே எனக்குச் சொன்னீங்க, மல்லாந்து படுத்தா கடல் நம்மள மெத்தை மாதிரி தாங்கும்னு. படுங்க. ஆனா தூங்கிடாதீங்க. நீங்க பஸ்ஸுல உக்காந்தாலே தூங்கற ஆளு."

நிறுத்தினாள். ஒன்றும் இல்லை. கீழே யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் என்ன பேசினாள் என்பது அவளுக்கே முழுசாக நினைவில் இல்லை. மணலில் நின்று கேட்டவர்கள்தான் ஊர் முழுக்கச் சொன்னார்கள். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, நாளைக்கு நாளைக்கு என்று எத்தனை நாள் தள்ளுவது என்று கேட்டாளாம். கடை ஷட்டர் சாவி தன் பையில்தான் இருக்கிறது, அதைத் தேடி அலைய வேண்டாம் என்றாளாம். மகள் போன் செய்தால் என்ன சொல்வது, வாயில்லாத பூச்சி மாதிரி நான் நிற்க வேண்டுமா என்றாளாம். "உங்க அண்ணன் கடை வேணாம், இந்த ஊரு வேணாம்னு அன்னிக்கே சொன்னேன். காத்து நல்லா இருக்குன்னீங்க. இப்ப அந்தக் காத்து எங்க போச்சு? ஒரு வீசு வீசி இந்தப் பனியத் தள்ளச் சொல்லுங்க" என்று திட்டினாளாம். ஒவ்வொரு திட்டுக்கும் பிறகு நிறுத்தினாள். அந்த நிறுத்தத்தில் ஐஸ்கிரீம் வண்டிக்காரர்கூட மணியைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாராம்.

அப்படி ஒரு நிறுத்தத்தின்போது கீழே சலசலப்புக் கேட்டது. "வராங்க, யாரோ வராங்க" என்றது ஒரு குரல்.

அவள் மைக்கை மூடாமலே படிகளில் ஓடினாள். தண்ணீரும் மணலும் சேரும் இடத்தில் சிலர் எதையோ இழுத்துக்கொண்டிருந்தார்கள். அது துடுப்பு போடுகிற பலகை, வாடகைக் கொட்டகையுடையது இல்லை, ஏதோ விடுதியுடையது. அதன்மேல் குப்புறப் படுத்திருந்தாள் ஒரு பெண், பதினாறு வயது இருக்கும். உதடு நீலமாகியிருந்தது. கைகளைப் பலகையிலிருந்து பிரித்து எடுக்கவே சிரமப்பட்டார்கள். அவள் கடலில் இருக்கிறாள் என்பதே யாருக்கும் தெரியாது. பெற்றோர் விடுதி அறையில், மகள் அடுத்த அறையில் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல" என்றாள் அந்தப் பெண், பல் கிட்டிக்கொண்டே. "யாரோ ஒரு ஆன்ட்டி யாரையோ திட்டிக்கிட்டே இருந்தாங்க. அந்தப் பக்கமா துடுப்பு போட்டேன்."

சுற்றி நின்றவர்கள் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். வரவில்லை. ஈரத்தில் நடுங்கிய அந்தப் பிள்ளையைப் பார்த்தபோது அவளுக்கு வந்தது கோபம். நீ ஏன் வந்தாய், அவர் வர வேண்டிய இடத்தில் நீ ஏன் வந்தாய் என்று மனசு சொன்னது. அடுத்த கணமே அது தன் மனசுதானா என்று பயந்துபோனாள். தன் சால்வையை எடுத்து அந்தப் பெண்மேல் போர்த்திவிட்டுத் திரும்பவும் படியேறினாள்.

மைக் முன்னால் உட்கார்ந்தபோது குரல் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றாள். "இன்னொருத்தங்க வந்துட்டாங்க. நீங்களும் வாங்க" என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அதையே சொன்னாள்.

பனி வந்த மாதிரியே போகவும் தொடங்கியது. முதலில் வலை தெரிந்தது, பிறகு தண்ணீரின் ஓரம், பிறகு ரப்பர் படகில் எழுந்து நின்ற நெட்டையனின் தலை. படகில் அவன் மட்டும்தான் இருந்தான். தெளிந்த கடலில் மஞ்சள் மிதவை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பனி இருந்தவரைக்கும் அவர் அதற்குள் எங்கேயோ இருக்கிறார் என்று நினைக்க முடிந்தது. இப்போது எல்லாமே பளிச்சென்று தெரிந்தது, அவர் எங்கும் இல்லை. அந்த வெளிச்சத்தை அவளால் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அறைத் தொலைபேசி அடித்தது. வாசலில் நின்றிருந்த பல் டாக்டர்தான் எடுத்தார். கேட்டார். "யாரு? எங்க?" என்றார். பிறகு அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார். பாறைமுனைக்கு அந்தப் பக்கம் படகுக் கிளப் ஒன்று உண்டு. அங்கே துப்புரவு வேலை பார்க்கும் அம்மாள்தான் பேசினாள்.

"இங்க ஒருத்தர் ஓரமா உக்காந்திருக்காரு. கால் பூரா ரத்தம். கண்ணு சரியாத் தெரியலன்னு சொல்றாரு. மைக்ல பேசறவங்க என் வீட்டுக்காரின்னு சொல்றாரு. வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

கடலின் இழுப்பு அவரை மெல்ல மெல்ல வடக்கே தள்ளிக்கொண்டு போய்ப் பாறைமுனையைத் தாண்டி விட்டிருக்கிறது. அங்கே ஒலிபெருக்கி கிடையாது. அவள் பேசியதில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழவில்லை.

மைக்கில் அவள் சொல்ல வேண்டியது ஒரே வரிதான். "காணாமல் போனவர் கிடைத்துவிட்டார்." பிள்ளைகளுக்காக நூறு முறை சொன்ன வரி. அன்றைக்கு அது வாயில் நுழையவில்லை. கடைசியில் பல் டாக்டர்தான் சொன்னார். கடற்கரையில் கைதட்டல் எழுந்தது.

பாறைப் பாதையில் போன நேரம் முழுக்க அவள் கையில் கண்ணாடி இருந்தது. கிளப்பின் பின்வாசலில், யாருடைய துண்டையோ போர்த்திக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். சிப்பி ஒட்டிய பாறையில் ஏறி வந்ததில் இரண்டு உள்ளங்காலும் கிழிந்திருந்தன. அவள் கண்ணாடியை அவர் முகத்தில் மாட்டினாள். அவர் அவளைப் பார்த்தார்.

"கடையத் தொறக்கணும்" என்றார்.

"தொறக்கலாம்" என்றாள்.

துப்புரவு அம்மாள் மருந்துப் பெட்டி கொண்டுவந்தாள். அக்கா கீழே உட்கார்ந்து அவர் பாதத்தை மடியில் வைத்துச் சிப்பித் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவர் வலிக்கிறது என்று சொல்லவில்லை. அவளும் எப்படி இந்தப் பக்கம் வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஊருக்கு ஒரு வேடிக்கை கிடைத்தது. கடைக்கு வருகிறவர்கள் கண்ணைக் காட்டுவதற்கு முன்னால், "குழாய் சரி பண்ணியாச்சா சார்?" என்றார்கள். அவர் அன்றே பிளம்பரைக் கூப்பிட்டுச் சரிசெய்திருந்தார், அதை யாரும் நம்பவில்லை. கடற்கரையைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் மேலதிகாரி அவளைக் கூப்பிட்டார். சொந்த விஷயத்தை மைக்கில் பேசியதாக ஒரு விடுதி புகார் சொல்லியிருந்தது. அந்தப் பெண் தங்கியிருந்த விடுதி இல்லை, வேறு ஒன்று. "நான் என்ன சொல்றது உங்கள" என்று மேலதிகாரி நெற்றியைத் தடவிக்கொண்டார். "இனிமே பனி வந்தா யாராவது தொடர்ந்து பேசிக்கிட்டே இருக்கணும்னு நெட்டையன் கேக்கறாரு. சரின்னுட்டேன். ஆனா பேசறது கொஞ்சம் பொதுவா இருக்கட்டும்."

வீட்டில்தான் எதுவும் சரியாகவில்லை. புண் ஆறியும் அவர் கடல் பக்கம் போகவில்லை. இன்னும் காந்துகிறது என்றார். விசில் நின்றுபோனது. சமையலறை ஜன்னலுக்குத் திரை போட்டார். காலை வெயில் கண்ணில் குத்துகிறதாம். அந்த ஜன்னலில் காலை வெயில் வருவதே இல்லை. ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"கரை எந்தப் பக்கம்னு தெரியல. கத்திப் பாத்தேன். என் சத்தம் எனக்கே திரும்பி வந்துச்சு. ஒரு கட்டத்துல நீந்தறத விட்டுட்டேன்."

"மிதந்தீங்களா?"

"இல்ல. விட்டுட்டேன்." சோற்றைப் பிசைந்தபடி, "கால்ல பாறை தட்டுச்சு. அதனாலதான்" என்றார்.

அவள் எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் எடுத்து வந்தாள். வைக்கும்போது கொஞ்சம் மேசையில் சிந்தியது. இத்தனை வருஷமாக இந்த வீட்டில் பயப்படுகிற வேலையை அவள் ஒருத்திதான் பார்த்துவந்தாள். அவர் சிரிப்பார், அவள் பயப்படுவாள், குடும்பம் அப்படி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அவரும் பயந்தால் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வித்துட்டுப் போயிடலாமா?" என்று அவர் கேட்டார். "உன் பழைய ஊருக்கே போகலாம். நீ சொல்லிக்கிட்டே இருப்பியே."

மகளும் போனில் அதையேதான் சொல்லியிருந்தாள். அக்கா எத்தனையோ காலம் காத்திருந்த கேள்வி அது. கேட்டதும் நெஞ்சு லேசாகும் என்று பார்த்தாள். ஆகவில்லை. திரை போட்ட ஜன்னலைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் இன்றைக்குக் கடல் எப்படி இருக்கிறது என்று தெரியாதது, தெரிவதைவிட மோசமாக இருந்தது. தாங்கள் போய்விட்டால் அந்தக் கண்ணாடி அறையில் வேறு யாரோ உட்காருவார்கள். அவர்கள் நன்றாகவே பேசக்கூடும். இருந்தாலும் அவள் எங்கேயோ ஒரு ஊரில் படுத்துக்கொண்டு, இன்றைக்கு அங்கே பனியா என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அது இன்னும் பெரிய தொல்லை.

"போக வேணாம்" என்றாள். "எங்க போனாலும் நான் இப்படித்தான் இருப்பேன். நீங்க இப்படி இருக்காதீங்க. அதுதான் எனக்குத் தாங்கல."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். ஆனால் இரண்டு நாள் கழித்து, நூலகத்துக்குப் பின்னால் கூரை போட்ட நீச்சல் குளம் இருக்கிறதே, அது எத்தனை மணிக்குத் திறக்கிறது தெரியுமா என்று கேட்டார். கடலோரத்தில் குடியிருந்துகொண்டு குளத்துக்குப் போகிறவர்களைப் பார்த்து முன்பெல்லாம் சிரித்தவர் அவர்தான். அவர் கேலியாகச் சொன்னது எதையும் அவள் அன்றைக்கு நினைவுபடுத்தவில்லை. கூடவே போனாள்.

மருந்து வாசனை அடிக்கிற வெதுவெதுப்பான கூடம். மூட்டுவலிக்காகத் தண்ணீரில் நடக்க வந்த பெண்கள் ஒரு பக்கம், நீச்சல் கற்க வந்த பிள்ளைகள் ஒரு பக்கம். அவர் ஏணியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். நெஞ்சளவுத் தண்ணீர்தான். ஒரு கையால் விளிம்பைத் தொட்டபடியே முதல் சுற்று போனார். இரண்டாவது சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விட்டார்.

அக்கா பிள்ளைகளின் அம்மாக்கள் உட்காரும் பெஞ்சில், நுனியில், பையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த இளம் தாய் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆறுதலாகக் கேட்டாள்.

"முதல் நாளா? பயப்படாதீங்க, சீக்கிரம் பழகிடுவாங்க. எது உங்க பிள்ளை?"

"அந்த ஓரத்துல" என்றாள் அக்கா, தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல். "என் வீட்டுக்காரர்."